சத்தமில்லா அறைக்குள் ஒரு நாய்

அந்த மருத்துவமனையில் அவரை எல்லோரும் கைதூக்கு அக்கா என்றுதான் அழைத்தார்கள். காது சோதனைக்கு வருகிறவர்களிடம் இருபத்தாறு வருடமாக ஒரே பாட்டைத்தான் அவர் பாடி வந்தார்: "சத்தம் கேட்டா கையைத் தூக்குங்க. கேக்கலன்னா சும்மா இருங்க." இதில் இரண்டாவதுதான் கடினமானது என்று அவருக்குத் தெரியும். கேட்காதபோது சும்மா இருப்பது மனிதர்களுக்கு அவ்வளவு எளிதாக வருவதில்லை.

அவருடைய பணியிடம் ஒரு பெட்டி. உண்மையில் அது சத்தமில்லா அறை. ஊழியர்கள் வைத்த பெயர்தான் பெட்டி. ஒரு நாற்காலி போட்டால் இன்னொன்றுக்கு இடமிருக்காது. சுவரெல்லாம் முட்டை அட்டை போலப் பஞ்சு மேடுபள்ளம். இரட்டைக் கதவு. ஒரு பக்கம் கனத்த கண்ணாடி. அதன் வழியே உள்ளே இருப்பவரின் நெஞ்சுக்கு மேல்தான் தெரியும். சோதனைக்கு வந்தவர் காதில் ஹெட்போன் மாட்டி உள்ளே உட்காருவார். அக்கா வெளியே இயந்திரத்தின் முன் உட்கார்ந்து கீச்சென்றும் கனமாகவும் ஒலிகளை அனுப்புவார். எவ்வளவு மெல்லிய ஒலிக்குக் கை எழுகிறதோ, அந்த இடத்தில் தாளில் குறி விழும். வலது காதுக்குச் சிவப்பு வட்டம், இடது காதுக்கு நீலப் பெருக்கல் குறி. குறிகளைச் சேர்த்தால் கோடு. ஒருவருடைய காதின் வரலாறே அந்தக் கோட்டில் இருக்கும் என்பார் அக்கா.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பள்ளி ஆசிரியர் வந்தார். எல்லா ஒலிக்கும் டக் டக் என்று கையைத் தூக்கினார். கோடு அழகாக வந்தது. வெளியே வந்ததும் "சார், டீ குடிக்கிறீங்களா?" என்று பின்னாலிருந்து கேட்டதற்கு, "ஒன்பதாம் வகுப்பு" என்று பதில் சொன்னார். பிறகுதான் அக்காவுக்கு விளங்கியது. பொத்தானை அழுத்தும்போதெல்லாம் தன் முழங்கை அசைந்திருக்கிறது. அவர் கண்ணாடி வழியே அதைப் படித்திருக்கிறார். அன்றிலிருந்து பெட்டிக்குள் இருக்கும் நாற்காலியைப் பக்கவாட்டில் திருப்பிப் போட்டார். பொத்தானின் மேல் ஒரு துணியைப் போட்டு, துணிக்கடியில் விரலை வைத்து அழுத்தினார். தன் கையை யாரும் படித்துவிடாமல் பார்த்துக்கொள்வது தொழிலில் பாதி என்று நம்பினார்.

அவரைப் பெரிய மனம் படைத்தவர் என்று சொல்வதற்கில்லை. கண்டிப்பானவர், அந்தக் கண்டிப்பில் கொஞ்சம் சுகமும் கண்டவர். காது கூர்மை. மேல்வீட்டுக் குழாய் சொட்டினால் கீழே இவருக்குத் தூக்கம் போய்விடும். அச்சகத்தில் இயந்திரம் ஓட்டும் அவருடைய வீட்டுக்காரர் வீட்டிலும் அச்சகக் குரலில்தான் பேசுவார். "உன் காது இருக்கிற வீட்ல நான் என்னத்தை ரகசியமா வெச்சுக்கிறது? அதான் எல்லாத்தையும் கத்தியே சொல்லிடறேன்" என்பார்.

இப்படிப்பட்டவருடைய வேலைக்கு நாய்களால் இடைஞ்சல் வரும் என்று யார் நினைத்திருப்பார்கள்?

நாலைந்து வருடமாகத்தான் இது. முதலில் ஒரு பெண்ணின் தோள்பையிலிருந்து ஒரு தலை எட்டிப் பார்த்தது. பிறகு ஒரு தம்பதி குழந்தை வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். போர்வையை விலக்கினால் உள்ளே கண்ணை உருட்டிக்கொண்டு ஒரு சப்பை மூக்கு நாய். ஒருவர் மழையில் நனைந்த நாயோடு கட்டுப் போடும் அறைக்கே போய்விட்டார். அது உடம்பை உதறிய உதறலில் சுத்தமான பஞ்செல்லாம் குப்பைக்குப் போயிற்று. அக்கா தன் கதவில் அறிவிப்பு ஒட்டினார்: செல்லப்பிராணிகளை உள்ளே அழைத்து வரக் கூடாது. ஒருவர் அதை நிதானமாகப் படித்துவிட்டு, "நல்ல விஷயம்மா. கண்டவனும் கூட்டிட்டு வந்துடறான்" என்று சொல்லிக்கொண்டே தன் நாயை உள்ளே நடத்திப் போனார். "ஐயா, அறிவிப்பு உங்களுக்கும்தான்" என்றபோது அவர் உண்மையாகவே ஆச்சரியப்பட்டார். "இவன் செல்லப்பிராணி இல்லீங்களே, எங்க வீட்டுப் பிள்ளை!"

அக்கா கவனித்தது இதைத்தான். அந்த விதியை எதிர்த்தவர் ஒருவர்கூட இல்லை. எல்லோருக்கும் அது நியாயமாகவே பட்டது, மற்றவர்களுடைய நாய்களைப் பொறுத்தவரை. கடைசியில் எல்லோரும் வந்து நின்றது ஒரே வரியில்: "நான் இல்லாம அவனால இருக்க முடியாதுங்க."

வாசலில் இருந்த காவலாளி வாய் நிறைய வேடிக்கை வைத்திருப்பவர். நாயோடு யாராவது வந்தால், "காது டெஸ்ட் யாருக்கு சார், உங்களுக்கா, அவருக்கா? அக்கா கையைத் தூக்கச் சொல்லுவாங்க, இவரு காலைத் தூக்கிடப் போறாரு!" என்பார். பாதிப் பேர் சிரித்துக்கொண்டு திரும்பிவிடுவார்கள். மீதிப் பேரை அக்கா பார்த்துக்கொள்வார்.

அந்த மீதியில் ஒருத்தியாக வந்து சேர்ந்தாள் அவருடைய சொந்தத் தங்கை.

தங்கை குடியிருப்பது அக்கா இருக்கும் அதே வீட்டின் மாடியில். மகள் வேலை கிடைத்து வெளியூர் போன மூன்றாம் மாதம், வெள்ளைப் பஞ்சு மூட்டை போல ஒரு நாயை வாங்கினாள். காய்கறி வாங்கப் போனாலும் பையில் அது. வங்கிக்குப் போனாலும் மடியில் அது. இரண்டு மாதம் முன்பு, காது மந்தமாகிவிட்ட தன் கணவரைச் சோதனைக்கு அழைத்து வந்தபோதும் கைப்பையிலிருந்து அது மூக்கை நீட்டியது.

"அக்கா, அவன் பைக்குள்ளதான் இருப்பான். சத்தமே வராது."

"பை வெளியே இருக்கட்டும்."

"பைக்குள்ள அவன் இருக்கான்னு சொல்றேனே!"

"அதனாலதான் சொல்றேன்."

காத்திருந்த பதினைந்து பேருக்கு முன்னால் நடந்தது இது. தங்கை பையையும் கணவரையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போய்விட்டாள். அதன் பிறகு மாடிப்படியில் எதிரே வந்தாலும் சுவரைப் பார்த்துத்தான் பேசினாள். "சில பேருக்கு உத்தியோகம்னு வந்துட்டா கூடப்பொறந்தவகூடக் கண்ணுக்குத் தெரியாது." சுவர் பதில் சொல்லவில்லை. அக்காவும் சொல்லவில்லை. ஆனால் ராத்திரி படுத்திருக்கும்போது மேலே தளத்தில் அந்த நாயின் நகம் தட்டும் ஓசை கேட்கும். தங்கை பின்னாலேயே அறை அறையாக அது நடப்பதை எண்ணிக்கொண்டே படுத்திருப்பார்.

இந்த நிலையில்தான் ஒரு நாள் காலை கிரேன்காரர் வந்தார்.

ஐம்பத்தேழு வயது. தடித்த மணிக்கட்டு, வெளுத்த சட்டை, கையில் ஒரு ஃபைல். ஓர் இரும்புக் கிடங்கில் இருபத்தெட்டு வருடமாகக் கிரேன் ஓட்டுகிறவர். காது சரியாக இருக்கிறது என்று வருடா வருடம் சான்றிதழ் வாங்கிக் கொடுத்தால்தான் கிரேனில் ஏற விடுவார்கள். போன வருடம் வரை கம்பெனியே ஆள் வரவழைத்து, வரிசையில் நிற்க வைத்து, ஆளுக்கு அரை நிமிடத்தில் முடித்திருந்தது. இந்த முறைதான் முறையான சோதனை கேட்டிருந்தார்கள். கூடவே ஒரு பழுப்பு நாய். ஒரு காது மடிந்து தொங்கியது, மறு காது குத்திட்டு நின்றது.

எதிரே நிற்பவர் முகத்திலிருந்து கண்ணை எடுக்காமல் பேசினார் அவர். அக்காவுக்கு அது பிடித்திருந்தது. இந்தக் காலத்தில் யார் முகம் பார்த்துப் பேசுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டார். வேறு யாராவது அப்படி நினைத்திருந்தால் குற்றமில்லை. இருபத்தாறு வருடம் காதோடு புழங்கியவர் நினைத்திருக்கக் கூடாது.

"நாயை உள்ளே விடறதில்லைங்க."

"போர்டு பார்த்தேம்மா. வெளியே கட்டிட்டு வர்றேன். மேஸ்திரி, வாடா."

"மேஸ்திரியா?"

"அவன் பேரு. சும்மா உட்கார்ந்துக்கிட்டே எல்லா வேலையையும் மேற்பார்வை பார்ப்பான். அதான்."

கொண்டுபோய் வாசல் கம்பியில் கட்டினார். அவர் கதவைத் தாண்டி உள்ளே வந்ததும் மேஸ்திரி தொடங்கியது ஊளையை. காவலாளி பிஸ்கட் போட்டார். பிஸ்கட்டைத் தின்றுவிட்டு ஊளையிட்டது. தட்டிக் கொடுத்தார், தட்டிக் கொடுக்க விட்டுக்கொண்டே ஊளையிட்டது. கூடத்தில் ஒரு குழந்தை அழ ஆரம்பித்தது. பல் டாக்டர் அறையிலிருந்து ஒரு தலை எட்டிப் பார்த்தது.

"அக்கா, இது நாய் இல்லை, சைரன்!" என்று வாசலிலிருந்து கத்தினார் காவலாளி.

கிரேன்காரர் சண்டை போடவில்லை. ஃபைலை எடுத்துக்கொண்டார். "மன்னிச்சுக்கம்மா. நாளைக்குள்ள சான்றிதழ் கொடுக்கணும்னு சொல்லியிருக்காங்க. பரவாயில்லை, கேட்டுப் பார்க்கிறேன்" என்று சொல்லிவிட்டு இரண்டடி நடந்தும் விட்டார்.

சண்டை போடுகிறவர்களை அக்காவால் எளிதாகத் திருப்பி அனுப்ப முடியும்; அவர்களே அதற்கான பலத்தைக் கொடுத்துவிடுவார்கள். பேசாமல் போகிறவர்களிடம்தான் சங்கடம். மாடியில் கேட்கும் நக ஓசையும் அந்த நேரம் பார்த்து நினைவுக்கு வந்தது. அவர் மனசுக்குள் கணக்குப் போட்டார். நாய் பெட்டிக்குள் மூச்சு வாங்கினால் மெல்லிய ஒலிகள் அமுங்கும். இவருக்குக் குறிகள் கொஞ்சம் மோசமாக விழும். நஷ்டம் அவருக்குத்தானே தவிர, லாபம் இருக்க முடியாது. இருபத்தாறு வருட அனுபவம் போட்ட கணக்கு அது. அதில் தப்பே இல்லை. அதில் வராத ஒன்றுதான் பாக்கி இருந்தது.

"நில்லுங்க ஐயா" என்றார். அவர் நிற்கவில்லை. ஊளைச் சத்தத்தில் கேட்டிருக்காது என்று அக்கா எழுந்துபோய்த் தோளைத் தொட்டார். "நாயும் உள்ளே வரட்டும். உங்க காலடியில படுக்கணும். மூச்சு விடக்கூடாது."

"விடாதும்மா!" என்றார் முகமெல்லாம் சிரிப்பாக.

பெட்டிக்குள் போனதும் மேஸ்திரி அடங்கிவிட்டது. எசமானரின் இடது முழங்காலில் தாடையை வைத்துக்கொண்டது. அவர் அதன் தலையில் கையை வைத்தார். அக்கா கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தபோது கண்ணாடி வழியே நெஞ்சும் முகமும் மட்டும்தான் தெரிந்தன. நாயும் தெரியவில்லை, நாயின் தலைமேல் இருந்த கையும் தெரியவில்லை.

ஹெட்போனின் உறை தேய்ந்து ஓரங்களில் ஒலி கொஞ்சம் கசியும். புதியது வேண்டும் என்று அக்கா மூன்று முறை எழுதிக் கேட்டிருந்தார். சோதனைக்கு வருகிறவர்களுக்கு அதனால் பாதகமில்லை என்று மூன்று முறையும் பதில் வந்தது.

ஒலிகள் போயின. வலது கை எழுந்தது. இன்னும் மெல்லியதாக, எழுந்தது. இடையிடையே ஒலியே அனுப்பாமல் நீளமான மௌனம் விட்டார். ஏமாற்றுகிறவர்கள் பொறுமை இழந்து அங்கேதான் கை தூக்குவார்கள். இவர் அசையவில்லை. நேர்மையான மனிதர். கீச்சொலிகளுக்குப் போனபோது அக்காவுக்கே வியப்பு. கிரேனில் இருபத்தெட்டு வருடம் இருந்தவருக்கு முதலில் போவது கீச்சொலிதான். கோடு அங்கே வந்ததும் பள்ளத்தில் இறங்கும். இவருடைய வட்டங்களும் பெருக்கல் குறிகளும் தாளின் உச்சியிலேயே வரிசையாக உட்கார்ந்திருந்தன. அக்காவின் சொந்தக் கோடுகூட இவ்வளவு அழகில்லை.

"உங்களுக்குப் பத்து வயசுப் பிள்ளையோட காது ஐயா" என்றார் கதவைத் திறந்து.

"இதை எழுதிக் கொடுங்கம்மா, வீட்ல காட்டணும். டிவி சத்தத்துக்குத் தினம் என்னோட சண்டை." பெருமை தாங்கவில்லை அவருக்கு. "கிரேன்லயும் அப்படித்தான். என் அக்கா மகன்தான் கீழே நின்னு விசில் அடிப்பான். அவன் அடிச்சு முடிக்கிறதுக்குள்ள நான் நிறுத்திடுவேன்."

படிவத்தில் கொஞ்சம் எழுத வேண்டியிருந்தது. நாயைக் கூடத்துக்குக் கொண்டுவந்தால் நாளைக்கு ஆளுக்கொரு நாயோடு வருவார்கள் என்று, அது பெட்டிக்குள்ளேயே இருக்கட்டும் என்றார் அக்கா. கதவைச் சாத்தினால் உள்ளே எவ்வளவு ஊளையிட்டாலும் வெளியே வராது. கிரேன்காரர் கூடத்து மேசையில் குனிந்து எழுதத் தொடங்கினார்.

அப்போது ஒரு போன் அடித்தது. கீச்சுக் குரலில், விடாமல். எல்லோரும் தங்கள் பையைத் தொட்டுப் பார்த்தார்கள். பிறகு எல்லோரும் கிரேன்காரரைப் பார்த்தார்கள். போன் அவருடைய சட்டைப் பையில், காதுக்கு ஒரு சாண் கீழே இருந்தது. அவர் எழுத்துக் கூட்டித் தன் முகவரியை எழுதிக்கொண்டிருந்தார்.

பக்கத்தில் இருந்தவர் தோளைத் தட்டினார். "போன் அடிக்குதுங்க, உங்களோடது."

"ஓ! கவனிக்கலை" என்று சிரித்தார் கிரேன்காரர். "மேஸ்திரி பக்கத்துல இருந்தா சொல்லியிருப்பான்."

மற்றவர்களும் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை. கையில் இருந்த தாளைப் பார்த்தார். பத்து வயசுப் பிள்ளையின் காது என்று இப்போதுதான் சொன்னார். பிள்ளையின் காது இல்லை அது. மனிதக் காதே இல்லை.

கையெழுத்துப் போடாமல் எழுந்தார். அவர் முன்னால் போய் நின்று, முகத்தைக் காட்டிச் சொன்னார்: "ஐயா, ஒரு சின்னச் சந்தேகம். இன்னொரு தடவை உட்காரணும். இந்தத் தடவை மேஸ்திரி என்கூட இருக்கட்டும்."

நாய் அக்காவின் நாற்காலிக்குப் பக்கத்தில் வந்து நின்றது. முன்கால்களைத் தூக்கிக் கண்ணாடி விளிம்பில் வைத்து உள்ளே பார்த்தது. எசமானர் தெரிந்ததால் ஊளையிடவில்லை. அக்கா வழக்கமாக நடு ஒலியில் தொடங்குவார். இன்று விசில் ஒலியிலேயே தொடங்கினார். தானும் கேட்பதற்கென்று மேசைமேல் ஒரு சிறிய ஒலிபெருக்கி வைத்திருந்தார். உள்ளே போகும் ஒலி அதிலும் மெல்ல வரும்.

முதல் ஒலி போயிற்று. மேஸ்திரியின் குத்திட்ட காது விறைத்தது. உள்ளே கை எழவில்லை. கொஞ்சம் கூட்டினார். காது விறைத்தது, கை இல்லை. இன்னும் கூட்டினார். இன்னும். நாய் அக்காவைத் திரும்பிப் பார்த்தது, எசமானரைப் பார்த்தது, கண்ணாடியை நகத்தால் ஒரு முறை சுரண்டியது. உள்ளே அந்த மனிதர் முதுகை நேராக வைத்து, வலது கையைத் தயாராக நெஞ்சருகே வைத்து, பரீட்சை எழுதும் மாணவன் மாதிரிக் காத்திருந்தார். இடது கை மட்டும் முழங்காலின் மேல் வெறுமனே எதையோ தேடுவது போல அசைந்திருக்க வேண்டும்; தோள் அசைந்தது.

மூன்று நிமிடம் ஆகியிருக்கும். உள்ளே இருந்த மைக்கில் அவர் குரல் மரியாதையாகக் கேட்டது:

"இன்னும் ஆரம்பிக்கலையாம்மா?"

அக்கா இயந்திரத்தை நிறுத்தினார்.  பிறகு பெட்டிக்குள் போய் ஹெட்போனைக் கழற்றி, அவருக்கு நேரே முகம் வைத்து, குரலே எழுப்பாமல், வாயை மட்டும் அசைத்துக் கேட்டார்: வெளியே மழையா?

"வரும்போது தூறிக்கிட்டு இருந்துச்சு" என்றார் அவர்.

"ஐயா, இப்ப நான் சத்தமே போடலை."

அவருக்கு முதலில் புரியவில்லை. பிறகு அக்காவின் வாயைப் பார்த்தார். இத்தனை நாளும் தன்னையறியாமல் எல்லோருடைய வாயையும் பார்த்துக்கொண்டிருந்ததை அப்போதுதான் பார்த்தவர் போல முகம் மாறியது. மேஸ்திரி உள்ளே நுழைந்து முழங்காலில் தாடையை வைத்தது. கை தானாகவே அதன் தலைக்குப் போயிற்று. தன் கை போனதையும் அவர் பார்த்தார்.

"இவன் காதுதானா?" என்றார்.

"கைக்கடியில அசையும்போது உங்களுக்குத் தெரியுது."

"எனக்குக் கேக்குதுன்னுதாம்மா நினைச்சேன். பொய் சொல்லலை."

"தெரியும். பொய் சொல்றவங்க சத்தம் இல்லாதப்பவும் கையைத் தூக்குவாங்க. நீங்க ஒரு தடவைகூடத் தூக்கலை."

"அவன் தூக்கலையே" என்றார் அவர்.

சிரிப்பதா வேண்டாமா என்று இருவருக்குமே தெரியவில்லை. அவர் கேட்டார், மெதுவாக, அக்காவின் வாயைப் பார்த்தபடி: "முதல் தாளையே அனுப்பிடக் கூடாதாம்மா? இன்னும் மூணு வருஷம்தான். அப்புறம் நானே இறங்கிடுவேன். கேபின்லயும் அவன் என் பக்கத்துலதான் படுத்திருப்பான்."

"கிரேனுக்குள்ளயும் நாயா?"

"யாரும் ஒண்ணும் சொன்னதில்லை. நான் இல்லாம அவனால…" வழக்கமான அந்த வரி அவர் வாயில் பாதியில் நின்றது. இத்தனை பேர் அதை முழுதாகச் சொல்லி அக்கா கேட்டிருக்கிறார். பாதியில் நிறுத்தியவர் இவர்தான்.

"அந்தத் தாள் மேஸ்திரியோடது ஐயா. வேணும்னா அவரைக் கிரேன் ஓட்ட அனுப்பலாம்" என்றார் அக்கா. பிறகு கேட்டார்: "கேபின்ல அவன் தூங்கிட்டா?"

கிரேன்காரர் குனிந்தார். நாயின் மடிந்த காதை விரலால் நிமிர்த்திப் பார்த்தார். அது மறுபடி மடிந்தது. பிறகு சொன்னார்.

"போன வாரம் கொக்கி ஒரு முழம் கூடுதலா இறங்கிடுச்சு. அக்கா மகன் தாவிட்டான். எதுவும் ஆகலை. ஏன்டா விசில் அடிக்கலைன்னு கேட்டேன். அடிச்சேன் மாமான்னான். பொய் சொல்றியாடான்னு நாலு பேர் முன்னாடி கேட்டுட்டேன். அன்னைக்கு வெயில். இவன் தூங்கிக்கிட்டு இருந்தான்."

 "மீதியையும் போடுங்கம்மா. ரெண்டாவது தாளையே எழுதுங்க" என்று சொல்லிவிட்டு, ஹெட்போனை அவரே எடுத்து மாட்டிக்கொண்டார். கனத்த ஒலிகளுக்கு ஓரளவு கை எழுந்தது. கீச்சொலிப் பக்கம் வந்ததும் கோடு பள்ளத்தில் இறங்கியது, இருபத்தெட்டு வருடக் கிரேன்காரருடைய கோடு எப்படி இறங்க வேண்டுமோ அப்படி.

டாக்டர் வந்ததும் அக்கா எல்லாவற்றையும் சொன்னார், நாயை உள்ளே விட்டதையும் சேர்த்து. டாக்டர் திட்டவில்லை, "எழுதி வெச்சுடுங்க" என்றார். அது திட்டை விடக் கனமாக இருந்தது. அறிக்கையின் அடியில், முதல் சோதனையின்போது அறைக்குள் நாய் இருந்தது என்று அக்கா எழுதினார். இத்தனை வருடத்தில் தன் தப்பைத் தன் கையெழுத்திலேயே எழுதியது அதுதான் முதல் தடவை. அதற்குக் கீழே, புதிய ஹெட்போன் உறை வேண்டும் என்று நான்காம் முறையாகவும் எழுதினார்.

செய்தி அன்று மாலையே மாடிக்குப் போய்விட்டது. காவலாளியின் வாய் அப்படி. தங்கை இரண்டு மாதத்தில் முதல் முறையாகச் சுவரை விட்டு அக்காவைப் பார்த்துப் பேசினாள்.

"ஊரான் நாய்க்கு மட்டும் உன் கதவு திறக்குமா?"

"திறந்திருக்கக் கூடாதுடி. வந்து உட்காரு, சொல்றேன்."

அக்கா நடந்ததையெல்லாம் சொன்னார். தங்கை மடியிலிருந்த வெள்ளை நாயைத் தடவிக்கொண்டே கேட்டாள். கேட்டு முடித்துவிட்டு முதலில் கேட்ட கேள்வி, "பாவம், அந்த நாய் இப்ப எங்க இருக்கும்?" என்பது. கொஞ்ச நேரம் கழித்து, "அவருக்கு அது இல்லாம முடியலை, அதானே?" என்றாள்.  கூரைக்கு மேலே, மகளின் பழைய அறையில் ஜன்னல் கதவு காற்றில் அடித்துக்கொள்வது அக்காவுக்குக் கேட்டது. தங்கைக்குக் கேட்டிருக்காது.

மறுவாரம் தங்கை தன் கணவரை மட்டும் சோதனைக்கு அழைத்து வந்தாள். நாயை அக்கா வீட்டுக்காரர் பார்த்துக்கொண்டார். அவருடைய அச்சகக் குரல் அதற்குப் பிடித்துப்போய்விட்டதாம். ஆனாலும் சோதனை முடிவதற்குள் தங்கை நான்கு முறை வீட்டுக்குப் போன் செய்துவிட்டாள்.

ஒன்றரை மாதம் கழித்துக் கிரேன்காரர் வந்தார். காதுக்குப் பின்னால் புதிய கருவி ஒட்டியிருந்தது. கிரேனில் இப்போது வேறு ஆள். இவருக்குத் தரையில் வேலை: தூக்குகிற இரும்புக் கயிறுகளையும் கொக்கிகளையும் ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்து, தேய்ந்ததை ஒதுக்குவது. கைக்கு வேலை, காதுக்கு இல்லை. சம்மதம்தானா என்று அக்கா கேட்டார். "மேலே இருந்து பார்த்தா எல்லாரும் சின்னதாத் தெரிவாங்க. கீழே எல்லாம் அவங்கவங்க அளவுல இருக்காங்க" என்றார். அது ஆறுதலா குறையா என்று அவர் குரலில் தெரியவில்லை.

மேஸ்திரியை வாசலில் கட்டியிருந்தார். ஊளை தொடங்கிவிட்டது. "சைரன் வந்தாச்சு!" என்று காவலாளி கத்தினார்.

"நாளெல்லாம் இப்படித்தான் கத்துவானா இவன்?" என்று கேட்டார் கிரேன்காரர், முகத்தைச் சுளித்துக்கொண்டு. "இத்தனை வருஷம் சாதுன்னுல்ல நினைச்சுக்கிட்டு இருந்தேன்!"

பெட்டிக்குள் தனியாக உட்கார்ந்தார். கருவியோடு கேட்பதற்கென்று உள்ளே ஒரு சிறிய ஒலிபெருக்கி இருந்தது. ஒலி போனதும் இடது தோள் லேசாக அசைந்தது, பழைய பழக்கம். பிறகு வலது கை எழுந்தது. தயங்கி, பாதி உயரம்தான். அடுத்ததற்கு முழுதாக எழுந்தது. கோடு தாளின் நடுவில் எங்கோ போயிற்று. மோசமில்லை, பிரமாதமும் இல்லை. அவருடையது.

கதவைத் திறந்தபடி அக்கா கேட்டார்: "உங்க அக்கா மகன்கிட்டச் சொன்னீங்களா?"

"சொன்னேன். அதே நாலு பேர் முன்னாடி. நீ அடிச்சேடா, எனக்குத்தான் கேக்கலைன்னு சொன்னேன்."

"என்ன சொன்னான்?"

"ஒண்ணும் சொல்லலை. பையிலேர்ந்து விசிலை எடுத்தான். என் காதுக்குப் பக்கத்துல வெச்சு ஓங்கி ஒண்ணு அடிச்சான்." கிரேன்காரர் காதைத் தடவிக்கொண்டார். "படவா, கிழிஞ்சே போச்சு!"